போலீஸ் வீட்டைச் சோதனை போட வந்தால்: மகஜரையும் எஃப்.ஐ.ஆரையும் படிக்கும் முறை

கதவைத் தட்டுவது போலீஸ் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. "வாரண்ட் எங்கே?" என்று வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்கள். இல்லாவிட்டால் பயந்துபோய், நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போடுவார்கள். முதலாவது, இல்லாத வழக்கைக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டாவது, உடைத்திருக்கக்கூடிய வழக்கை உடைக்க முடியாமல் ஆக்கிவிடும். தடுக்கவும் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளவும் கூடாது. நடப்பது எல்லாம் தாளில் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சோதனை முறைப்படி நடக்கவில்லை என்பதற்காக மட்டும், கிடைத்த பொருளை நம் நாட்டு நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடாது. 1973-ல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது. முறைகேடு நடந்திருந்தால் சாட்சியின் நம்பகத்தன்மைதான் அடிபடும். அதுவும், முறைகேடு நடந்ததை நீங்கள் காட்ட முடிந்தால்தான். வாசலில் பேசுகிற சட்டம் அந்த நேரத்தோடு போய்விடும். தாளில் இருப்பது இரண்டு வருஷம் கழித்து குறுக்கு விசாரணையில் பேசும்.

இன்னொன்று: 2024 ஜூலை 1 முதல் சட்டங்கள் மாறிவிட்டன. இ.பி.கோ.வுக்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா), குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ. (பாரதிய சாக்ஷிய அதிநியம்). சம்பவம் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்திருந்தால் எஃப்.ஐ.ஆரில் பழைய இ.பி.கோ. பிரிவுதான் வரும்.

வாசலில்

வாரண்ட் இல்லாமலும் போலீஸ் உள்ளே வரலாம். விசாரணையில் இருக்கும் வழக்குக்கு வேண்டிய பொருள் இந்த வீட்டில் இருக்கிறது, வாரண்ட் வாங்கப் போனால் அது கைமாறிவிடும் என்று விசாரணை அதிகாரி நம்பினால், பி.என்.எஸ்.எஸ். 185-வது பிரிவு அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. கைது செய்ய வேண்டிய ஆள் உள்ளே இருக்கிறார் என்றால் 44-வது பிரிவு. இரவில் வீட்டுச் சோதனை கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படிப் பொதுவான தடை எதுவும் இல்லை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் கூடாது என்பது பெண்களைக் கைது செய்வதற்கான கட்டுப்பாடு. அதற்கும் விதிவிலக்கு உண்டு: நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) எழுத்துப்பூர்வ முன்அனுமதியோடு பெண் அதிகாரி கைது செய்யலாம்.

ஆனால் 185 கொடுக்கும் அதிகாரம் சும்மா கிடைப்பதல்ல. ஏன் சோதனை, எந்தப் பொருளுக்காகச் சோதனை என்பதை அதிகாரி முன்கூட்டியே எழுத வேண்டும். அவரே நேரில் வர வேண்டும். வர முடியாமல் கீழே உள்ளவரை அனுப்பினால், அதற்கு எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும். எழுதிய பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும்.

எனவே "வாரண்ட் எங்கே" என்று ஆரம்பிக்காமல் இப்படிக் கேளுங்கள்: "சார், எந்த ஸ்டேஷனுங்க? குற்ற எண் என்னங்க? என்ன பொருளைத் தேடறீங்க?" பெயரையும் பதவியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மஃப்டியில் வந்திருந்தால் அடையாள அட்டை கேட்பதில் தப்பில்லை. சந்தேகமாக இருந்தால் 100 அல்லது 112-ல் கூப்பிட்டு, இந்த முகவரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வாரண்டோடு வந்திருந்தால் அதை வாங்கிப் படியுங்கள். நடுவரின் கையெழுத்து, முத்திரை, உங்கள் கதவு எண், தேட வேண்டிய பொருள் ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். வேலூரில் பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பம் தெருவுக்குத் தெரு உண்டு, அதையும் பாருங்கள்.

கையைப் பிடித்துத் தள்ளுவது, கதவை முகத்தில் சாத்துவது வேண்டவே வேண்டாம். பி.என்.எஸ். 132, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குவது: இரண்டு ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விடத்தகாத பிரிவு. வீட்டில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் இந்த வழக்கு நிற்கும்.

உள்ளே

பி.என்.எஸ்.எஸ். 103-வது பிரிவின்படி அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கோடு சம்பந்தமில்லாத இரண்டு பேராவது சாட்சிகளாக இருக்க வேண்டும். நம் பக்கம் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரையும் அவருடைய உதவியாளரையும் கூட்டி வருவார்கள். அதில் தவறில்லை. ஆனால் போலீஸ் வண்டியிலேயே வந்து இறங்கும் "சாட்சி" யார், எந்த ஊர் என்று கேளுங்கள். தெருவில் அக்கம்பக்கத்தார் இருக்கும்போது அவர்களைக் கூப்பிடாதது பின்னால் நீதிமன்றத்தில் கேள்வியாகும்.

வீட்டில் இருப்பவர் சோதனை முடியும்வரை கூடவே இருக்கலாம். இது சலுகை இல்லை, சட்டமே கொடுத்த உரிமை. நான்கு போலீசார் நான்கு அறைக்குப் பிரிந்து போனால், "சார், ஒவ்வொரு ரூமா பாருங்க, நான் கூட வர்றேன்" என்று பணிவாக ஆனால் விடாமல் சொல்லுங்கள். "வெச்சு எடுத்தாங்க" என்ற சந்தேகம் பெரும்பாலும் பின்னறையில்தான் பிறக்கிறது. தேடும் முன் அவர்களுடைய பைகளையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காட்டியே தீர வேண்டும் என்று பிரிவு இல்லை. மறுத்தார்கள் என்பது மகஜரில், அதாவது சோதனையில் நடந்ததையும் எடுத்ததையும் எழுதும் தாளில், ஏறினால் போதும்.

105-வது பிரிவு புதிதாக வந்தது, இதில் மிகவும் பயனுள்ளதும் இதுதான். சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் தயாரித்தல், சாட்சிகள் கையெழுத்திடுதல் எல்லாம் ஆடியோ வீடியோவாகப் பதிவாக வேண்டும். மொபைலில் எடுத்தாலும் போதும். அந்தப் பதிவு தாமதமின்றி நடுவருக்குப் போக வேண்டும். "வீடியோ ஓடுதாங்க சார்?" என்று சத்தமாகக் கேளுங்கள், அந்தக் குரலும் பதிவாகட்டும். பொருள் கிடைத்த பிறகு எடுக்க ஆரம்பித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு சிசிடிவி ஓடிக்கொண்டிருந்தால் அணைக்க வேண்டாம்.

மகஜர்

சோதனையில் எதற்காவது பத்து நிமிஷம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்றால் அது மகஜருக்குத்தான். வழக்கு பிழைப்பதும் சாவதும் இந்த ஒன்றிரண்டு பக்கத்தில். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், யார் யார் இருந்தார்கள், ஒவ்வொரு பொருளும் எந்த இடத்தில் இருந்தது, என்ன அடையாளம், எப்படி மூடி முத்திரையிட்டார்கள் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

"தங்கச் செயின் 1, ரொக்கம், செல்போன் 1" என்று எழுதிய மகஜர் உங்களுக்கு ஆபத்து. அதே பொருட்களை இப்படி எழுதச் சொல்லுங்கள்: "படுக்கையறை இரும்பு பீரோவின் இரண்டாவது தட்டில், சிவப்பு வெல்வெட் பெட்டியில் மஞ்சள் நிற உலோகச் செயின் 1, எடை சுமார் 16 கிராம். அதே தட்டில் 500 ரூபாய் நோட்டு 42, மொத்தம் 21,000 ரூபாய். கூடத்து மேஜை மேல் கறுப்பு நிற செல்போன் 1, திரையில் கீறல், ஐ.எம்.இ.ஐ. எண் இன்னது." போனில் *#06# அழுத்தினால் அந்த எண் வரும். இரண்டு பவுன் செயின் ஸ்டேஷனில் ஒன்றரைப் பவுனாகக் குறைந்தாலோ, வேறு போன் வந்து நின்றாலோ, கேட்க இந்த வரிகள் மட்டுமே துணை.

கையெழுத்துக்கு முன் முழுவதையும் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெறும் தாளில், பாதி நிரப்பிய படிவத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். காலியிடம் இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். அடித்துத் திருத்திய இடத்தில் அதிகாரியின் சுருக்கக் கையெழுத்து இருக்க வேண்டும். எழுதியதில் உண்மை இல்லாவிட்டால், உங்கள் கையெழுத்தின் மேலேயே "இந்தப் பொருள் என் வீட்டில் கிடைக்கவில்லை" என்றோ "எனக்குப் படித்துக் காட்டவில்லை" என்றோ எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். சாட்சிகள் கையெழுத்திட்ட பட்டியலின் நகல் உங்களுக்கு அங்கேயே கிடைக்க வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், "ஏதும் கைப்பற்றப்படவில்லை" என்ற மகஜரின் நகலையும் கேளுங்கள்.

தரவில்லையா? 185-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. நடுவரிடம் மனுக் கொடுத்தால் சோதனைப் பதிவின் நகல் இலவசம். மனு நீளமாக வேண்டாம்:

"மாண்புமிகு நீதித்துறை நடுவர் அவர்களுக்கு. மேற்படி முகவரியில் குடியிருக்கும் நான் சமர்ப்பிக்கும் மனு. இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, இந்தக் காவல் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் என் வீட்டில் சோதனை நடத்தினார்கள். பட்டியலின் நகல் எனக்குத் தரப்படவில்லை. பி.என்.எஸ்.எஸ். 185-வது பிரிவின் கீழ் அனுப்பப்பட்ட பதிவுகளின் நகலை வழங்கவும், 105-வது பிரிவின்படியான வீடியோ பதிவைப் பாதுகாக்க உத்தரவிடவும் வேண்டுகிறேன்."

மறுநாளே கொடுங்கள். பத்து நாள் கழித்துக் கொடுத்த மனுவை, யோசித்துச் செய்த கதை என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

ஆளைச் சோதிக்கும்போது

பெண்ணை இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும். பெண் காவலர் வரும்வரை காத்திருக்கச் சொல்லலாம். கைதானவரிடம் எடுத்த பொருட்களுக்கு ரசீது கொடுக்க வேண்டும். தாலி, மோதிரம், பர்ஸில் இருந்த ரூபாய் எல்லாம் அதில் வர வேண்டும்.

கஞ்சா சந்தேகம் என்றால் விதி வேறு, மிகவும் கடுமையானது. காட்பாடி ஜங்ஷனிலும் சித்தூர் சாலையில் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியிலும் ஆந்திராவிலிருந்து வரும் ரயில், பஸ், கார்களில் இந்தச் சோதனை அடிக்கடி நடக்கும். போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, உடம்பைச் சோதிக்கும் முன், "உங்களை ஒரு நடுவர் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று அதிகாரி சொல்லியே ஆக வேண்டும். இதை மீறி உடம்பிலிருந்து எடுத்ததை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வீட்டுச் சோதனையைப் பற்றி மேலே சொன்னதற்கு இது நேர்மாறு. "வேண்டாம், நீங்களே சோதியுங்கள்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்த உரிமை வேண்டும் என்றால் "நடுவர் முன்னிலையில் சோதிக்கவும்" என்று எழுதுங்கள். கையில் இருக்கும் பைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, உடம்புக்கு மட்டுமே.

இதில் எடைதான் தலையெழுத்து. கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு, ஜாமீன் கிடைப்பதே அரிது. நடுவில் இருந்தால் 10 ஆண்டு வரை. சட்டத்தில் கஞ்சா என்பது பூக்கும், காய்க்கும் நுனிதான். நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. எனவே சாக்கோடு எடை எவ்வளவு, சாக்கு நீக்கி எவ்வளவு, இலை தண்டு கலந்திருந்ததா என்பது மகஜரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போன்

போனைக் கைப்பற்ற போலீசுக்கு பி.என்.எஸ்.எஸ். 106-வது பிரிவில் அதிகாரம் உண்டு. பாஸ்வேர்டைச் சொல்லியே ஆக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. "வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்பதே சரியான பதில். சாலையில் வண்டியை நிறுத்தி, வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டு என்றால், எந்த வழக்கு என்று கேளுங்கள். வழக்கும் இல்லை, கைப்பற்றுதலும் இல்லை என்றால் திறந்து காட்டும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் ஆதாரத்தை மறைத்த வழக்கும் சேரும்.

எஃப்.ஐ.ஆரில் உள்ள எண்கள்

தெருச் சண்டை, வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை எதுவானாலும் தமிழ்நாட்டு எஃப்.ஐ.ஆரில் மூன்று பிரிவுகள் சேர்ந்தே வரும். முன்பு இ.பி.கோ. 294(ஆ), 323, 506(2). இப்போது பி.என்.எஸ். 296(ஆ), 115(2), 351(3). ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. வழிமறித்தார் என்று 126(2)-ம் ஒட்டிக்கொள்ளும். ஏன் எல்லாப் புகாரிலும் "அசிங்கமாகத் திட்டினார்" என்று இருக்கிறது? 115(2), அதாவது சாதாரணக் காயம், நடுவர் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம். 296 அப்படியல்ல. ஒரு வழக்கில் ஒரு பிரிவு போலீஸ் நேரடியாக விசாரிக்கத்தக்கதாக இருந்தால், முழு வழக்கும் அப்படியே ஆகிவிடும். 296(ஆ) நிற்க வேண்டுமானால் சம்பவம் பொது இடத்திலோ அதன் அருகிலோ நடந்திருக்க வேண்டும், மற்றவர்களுக்கு அருவருப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் நடந்த சண்டைக்கு இதைப் போட்டிருந்தால் உங்கள் வக்கீலிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கம்பி, கத்தி, கல் வந்துவிட்டால் 118(1), மூன்றாண்டு வரை. எலும்பு முறிவு, பல் உடைவு, அல்லது 15 நாள் கடும் வலி என்றால் கொடுங்காயம், 117(2), ஏழாண்டு வரை. அடிபட்டவர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ தாலுகா மருத்துவமனையிலோ கொடுக்கும் விவரத்தை மருத்துவர் எழுதும் ஏ.ஆர். பதிவுதான் (விபத்துப் பதிவேடு) இதைத் தீர்மானிக்கும். "தெரிந்த இருவர் கையால் அடித்தனர்" என்று அதில் இருந்து, எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர் இரும்புக் கம்பியால் அடித்ததாக இருந்தால், அந்த முரண்பாடு பெரிய பிடி. அதனால் ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

திருட்டு 303(2), மூன்றாண்டு வரை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவைதான் தண்டனை. பாலாற்றில் மணல் அள்ளிய வழக்குகளில் இதே 303(2)-வுடன் கனிமவளச் சட்டத்தின் 21-வது பிரிவும் வரும். மாட்டுவண்டி, டிராக்டர், டிப்பர் எதுவானாலும் பறிமுதலாகும். வாடகைக்கு ஓட்டிய டிரைவர்தான் முதலில் மாட்டுவார் என்பதால், வண்டிக்குச் சொந்தக்காரர் யார், யார் கூப்பிட்டது என்பதற்கான போன் பதிவுகளை அழிக்காமல் வையுங்கள்.

சாலை விபத்தில் இறப்பு என்றால் 106(1), ஐந்தாண்டு வரை, ஜாமீனில் விடத்தக்கது. இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு என்று பரவிய 106(2) அமலுக்குக் கொண்டுவரப்படவில்லை. மோசடி 318(4), ஏழாண்டு வரை. சீட்டுப் பணம், வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன பணம் எல்லாம் இதில்தான் வரும்.

"ஜாமீனில் விடத்தகாதது" என்றால் ஜாமீனே இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்டேஷனில் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதே பொருள். விடத்தக்க பிரிவு என்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்தாக வேண்டும்.

"ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ"

ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில், கைது தேவைப்படாவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன் கீழ் நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நோட்டீஸ் ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள், போகாததே கைதுக்குக் காரணமாகும். சாட்சியாக விசாரிக்க என்றால், பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர், 60 வயதைத் தாண்டியவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது 181-வது பிரிவு. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் "அந்த இடத்தில் புதைத்து வைத்தேன்" என்று சொல்லி, அங்கே பொருள் கிடைத்தால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். பலர் சிக்குவது இந்த ஓட்டையில்தான்.

கைது என்று ஆனால்

கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அதில் உள்ள நேரத்தைப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பிடித்து, மாலை ஆறு மணிக்குக் கைது என்று எழுதினால், நடுவர் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு பதினோரு மணி நேரம் தள்ளிப்போகும். பிடித்ததும் வீட்டிலிருந்து 112-க்கு ஓர் அழைப்பு, எஸ்.பி.க்கு ஒரு சுருக்கமான மின்னஞ்சல் அனுப்பினால் உண்மையான நேரத்துக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில், நடுவரிடம் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இது வேலூர், திருப்பத்தூர், ஜவ்வாது மலைப் பக்கத்தவர்களுக்கு மிக முக்கியம். செம்மர வழக்குக்காக ஆந்திரப் போலீஸ் வந்து அழைத்துப் போகும்போது தாளெல்லாம் தெலுங்கில் இருக்கும். பேசத் தெரிந்தவருக்கும் எழுத்து தெரியாது. புரியாத தாளில் கையெழுத்து கேட்டால், "எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது" என்று தமிழில் எழுதி அதன்கீழ் கையெழுத்திடட்டும். குடும்பத்தார் உடனே ஸ்டேஷன் பெயர், குற்ற எண், எந்தக் கோர்ட்டில் ஆஜர்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அந்தக் கோர்ட்டில் நிறுத்த முடியாவிட்டால், இங்குள்ள நடுவரிடம் நிறுத்தி டிரான்சிட் ரிமாண்ட் (அந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் அனுமதி) வாங்க வேண்டும்.

ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. அடிபட்டிருந்தால் டாக்டரிடம் எந்த இடத்தில், எதனால், எப்போது என்று சொல்ல வேண்டும். நடுவர் கேட்கும்போது தலையைக் குனிந்து "ஒன்றும் இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டால், பிறகு யார் சொன்னாலும் எடுபடாது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 எண்ணிலோ கேட்கலாம். தொரப்பாடி சிறைக்குப் போய்விட்டாலும், உள்ளிருந்தே மனுக் கொடுக்கலாம்.

60 நாளில், பெரிய குற்றங்களுக்கு 90 நாளில், கஞ்சா வணிக அளவுக்கு 180 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், ஜாமீன் உரிமையாகிறது. ஆனால் மனு போட்டால்தான். குற்றப்பத்திரிகை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்ட மனு செல்லும், பின்பு போட்டது செல்லாது. முதல் ரிமாண்ட் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

பிடித்த வண்டி

வழக்கு முடியும்வரை வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பதினைந்து நாள், அதிகம் போனால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், மகஜர் நகல் மூன்றையும் வைத்து பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-வது பிரிவில் நடுவரிடம் மனு போடலாம். மது, மணல், கஞ்சா வழக்கு வண்டிகளுக்குத் தனிப் பறிமுதல் நடைமுறை இருப்பதால் அதைத் தெரிந்த வக்கீலாகப் பாருங்கள். வண்டியை எடுக்கும்போது பேட்டரி, ஸ்டெப்னி, டூல் கிட் எல்லாம் மகஜரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்த்து, குறைந்தால் கையெழுத்திடும் இடத்திலேயே எழுதுங்கள். வழக்கு முடியும்வரை விற்கவோ நிறம் மாற்றவோ கூடாது, கோர்ட் கேட்ட அன்று கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.